வயலினுக்குள் ஒரு பூனை!



கச்சேரிகளில் வயலின் கேட்டிருப்பீர்கள். அந்த வயலினில் பூனை கத்தியும் நாய் குரைத்தும் கோழி கொக்கரித்தும் கேட்டதுண்டா? அத்தகைய இசை ஒன்று 1627ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டது! அதை இயற்றியவர் கார்லோ ஃபரீனா. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர அரசவையில் பணியாற்றிய இத்தாலிய வயலின் கலைஞர் அவர். இசையின் பெயர் ‘கப்ரிச்சோ ஸ்ட்ரவகாந்தே’.

அதற்கு முன் ஐரோப்பாவில் வயலின் பெரும்பாலும் நடனத்திற்கும் பாட்டிற்கும் துணையாகவே ஒலித்தது. 1600ஐ ஒட்டித் தொடங்கிய ‘பரோக்’ காலத்தில்தான், மனிதக் குரலால் இயலாதவற்றைக் கருவியில் செய்து பார்க்கும் ஆர்வம் கலைஞர்களிடம் வளர்ந்தது.

வயலினில் இருப்பவை நான்கே தந்திகள். அவற்றிலிருந்து இத்தனை குரல்கள் எப்படி வந்தன?

முதலில் பூனையைப் பார்ப்போம். தந்தியை விரலால் அழுத்தினால் அதன் அதிரும் நீளம் குறைகிறது, சுருதி உயர்கிறது. நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது, வினாடிக்கு 440 முறை அதிரும் தந்தி 880 முறை அதிரும். இவ்விதியை 1636இல் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் வெளியிட்டார். வயலினில் வீணையைப் போல மெட்டுகள் இல்லை. ஆகவே விரலைத் தந்தியின் மேல் வழுக்கிச் செல்லவிடலாம். சுருதியும் படிப்படியாக இன்றி, இழைந்து இறங்கும். அதுவே “மியாவ்”!

அடுத்து, தந்தியை அதிரச் செய்யும் முறை. குங்கிலியம் தடவிய வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது. பின் தந்தி நழுவுகிறது. மீண்டும் வில் பற்றுகிறது. ஒவ்வோர் அதிர்விலும் இது நிகழ்வதால் ஒலி தொடர்ந்து நீடிக்கிறது. விரலால் மீட்டினாலோ ஒலி எழுந்தவுடன் தேயத் தொடங்கும். ஃபரீனா இவ்வாறுதான் கிதாரைப் போல ஒலிக்கச் செய்தார். வில்லின் மரப்பகுதியால் தந்தியைத் தட்டவும் சொன்னார்.

சிறு குழலின் ஒலிக்கு அவர் கூறிய வழி, குதிரைக்கு மிக அருகில் வில்லைப் போடுவது. தந்தி அதிரும்போது அடிப்படைச் சுரத்துடன், அதைப்போல் 2, 3, 4 மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் எழுகின்றன. குதிரையருகே உயர்ந்த மேற்சுரங்கள் ஓங்குகின்றன; ஒலி மெலிந்து கூர்மையாகிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். மூடியில்லாத டிபன் டப்பா ஒன்றின் மேல் ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டுங்கள். முதலில் நடுவிலும், பிறகு ஓரத்திலும் சுண்டுங்கள். சுருதி மாறவில்லை, ஆனால் ஒலி வேறு! உரப்பு, சுருதி ஆகியவற்றுடன் ஒலிக்குள்ள இந்த மூன்றாவது குணமே அதன் ‘பண்பு’.

சுரக்குறிகள் சுருதியையும் கால அளவையும் காட்டும். பண்பைக் காட்ட ஃபரீனாவின் காலத்தில் குறியீடு இல்லை. ஆகவே அவர் வாசிக்கும் முறைகளை இத்தாலிய, ஜெர்மன் மொழிகளில் விளக்கி, இசையுடன் சேர்த்து அச்சிட்டார். மேற்சுரங்களைப் பற்றிச் சோவேர் என்ற பிரெஞ்சு அறிஞர் தெளிவாக விளக்கியது 1701இல். அறிவியல் கணக்கிட்டுச் சொல்வதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, ஒரு கலைஞரின் காதும் விரலும் அதைக் கண்டுகொண்டன!