கோடியக்கரையில் பறவை பார்க்க...

வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடும். ஆனாலும் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரிதான் தோது. சரணாலயத்துக்குள் இஷ்டத்துக்குக் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறை விடுதியில் முன்கூட்டியே அறை சொல்லிவையுங்கள்.

பூநாரைக் கூட்டத்தைக் கண்டதும் சேற்றில் இறங்கிக் கிட்டே போகத் தோன்றும். வேண்டாம். தலையைக் கவிழ்த்து அலகால் நீரை அரித்துக்கொண்டிருந்தவை வரிசையாகக் கழுத்தை நிமிர்த்தினால், உங்களைப் பார்த்துவிட்டன என்று பொருள். அப்படியே உட்கார்ந்துவிடுங்கள், சற்று நேரத்தில் மறுபடி மேய ஆரம்பிக்கும். பறக்கும் படத்துக்காகக் கைதட்டி விரட்டுகிற ஆட்களோடு மட்டும் சேராதீர்கள்.

வெயில் உங்கள் முதுகில் படட்டும். பொழுது ஏறினால் உப்பளப் பக்கம் கானல் எழும்பி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் படம் கலங்கும். வெள்ளை இறகு வெளிறிப்போகாமலிருக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை குறைத்துப் பாருங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000.

உப்புக்காற்று பட்ட கேமராவை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பை மட்டும் ஒற்றி எடுங்கள். தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்குத் தொல்லை உண்டு.