பூனையும் கோழியும்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ்ந்த தீவில், திருவரங்கத்திற்குக் கிழக்கே அமைந்த பழம்பதி திருவானைக்காவல். ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரியது இது. இத்தலத்துப் பழங்கதையில் ஒரு சிலந்தி யானையை எதிர்க்கின்றது. தான் பின்னிய வலையை நாள்தோறும் அழித்துவந்த யானையின் துதிக்கையினுள் அது புகுந்து கடித்தது. யானையும் மாண்டது, சிலந்தியும் மாண்டது. அச்சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற இயலாத மாடக்கோயில்களை எழுப்பினான் என்பர்.

காவிரிக்குத் தென்கரையில் உள்ள உறையூருக்கும் இதனை ஒத்த கதை ஒன்று உண்டு. அங்கே யானையோடு பொருது வென்றது கோழி. அதனால் அவ்வூர் கோழி என்றே பெயர் பெற்றது. இச்செய்தியைச் சிலப்பதிகாரமும் குறிக்கின்றது. வாரணம் என்னும் ஒரு சொல்லே யானைக்கும் கோழிக்கும் பெயராய் அமைந்திருப்பது, இக்கதையைச் சொல்லும் புலவர்க்கு நல்ல வாய்ப்பாயிற்று.

யானையை வென்ற கோழி பூனைக்கு அஞ்சுமோ? கதையில் வேண்டுமானால் இது வேடிக்கை வினாவாக இருக்கலாம். கோழி வளர்க்கும் வீட்டில் அது கவலை தரும் வினா. திருவானைக்காவலிலிருந்து கல்லணை செல்லும் சாலையில் திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி முதலிய சிற்றூர்கள் உள்ளன. வாழைத் தோட்டமும் நெல்வயலும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில், புழக்கடையில் நான்கு கோழி வளர்ப்பது தமிழகத்துப் பெண்டிரின் நெடுநாளைய வழக்கம். நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடுவதில்லை. சில நாள் இடும். பின் அடைகாக்க அமர்ந்துவிடும். ஒருத்தி பன்னிரண்டு முட்டைகளை விற்காமல் சேர்த்து அடைவைக்கிறாள். இருபத்தொரு நாள் காத்திருக்கிறாள். பத்துக் குஞ்சுகள் பொரிக்கின்றன. ஒரு வாரம் கழிவதற்குள் நான்கே எஞ்சுகின்றன. மதில்மேல் ஒரு பூனை அமர்ந்திருக்கிறது. பழி அதன்மேல் விழுகின்றது. சில வீடுகளில் நஞ்சு கலந்த சோறும் வைக்கப்படுகின்றது.

அப்பழி எவ்வளவு தகும் என்று பார்த்தல் வேண்டும். பூனை தனித்து வேட்டையாடும் விலங்கு. அரிமாவைப்போல் கூட்டமாகச் சேர்ந்து பெரிய இரையை வீழ்த்துவது அதன் இயல்பன்று. பதுங்கிச் சென்று, பாய்ந்து, பிடரியைக் கவ்விக் கொல்லும். ஆதலின் எலி, அணில், ஓணான், சிறு பறவை முதலிய, தன்னைவிட மிகச் சிறிய உயிர்களையே அது நாடுகின்றது. வீட்டுப்பூனையின் எடை மூன்று முதல் ஐந்து கிலோகிராம் வரை இருக்கும். சிறுவிடைக் கோழி ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்டது. அலகும் நகமும் உடையது. குஞ்சுகளோடு இருக்கும்போது இறகைச் சிலிர்த்துக்கொண்டு எதிரே பாய்வது. அவ்வாறு பாயும் தாய்க்கோழியைக் கண்டு பின்வாங்கும் பூனையைச் சிற்றூரில் வளர்ந்தவர் பலரும் பார்த்திருப்பர். அன்று பிறந்த குஞ்சின் நிலையோ வேறு. அதன் எடை முப்பது கிராம் அளவே. சுண்டெலி ஒன்றைவிடச் சற்றே மிகுதி. கீச்சிட்டுக்கொண்டு அங்குமிங்கும் ஓடும் அவ்வுருவம் பூனையின் கண்ணுக்கு எலியாகவே தோன்றுவதில் வியப்பில்லை. ஆகவே வளர்ந்த கோழிக்குப் பூனையால் வரும் இடையூறு அரிது. குஞ்சுக்கு அது மெய்யானது. பொரித்த நாள்முதல் இரண்டு மூன்று திங்கள்வரை இந்த அச்சம் நீங்காது.

எனினும் காணாமற்போன குஞ்சுகளை எல்லாம் பூனையின் கணக்கில் எழுதுவது முறையன்று. பட்டப்பகலில் குஞ்சு மறைந்தால் காகத்தையும் பருந்தையும் வல்லூற்றையும் முதலில் ஐயுறல் வேண்டும். கீரியும் பகலில் உலவுவதே. இரவில் கூட்டின் ஓலையைப் பிரித்து உட்புகுந்து வளர்ந்த கோழிகளையே கொல்வது பெரும்பாலும் மரநாயாக இருக்கும். ஒரே இரவில் பல கோழிகள் கடியுண்டு, தின்னப்படாமல் கிடந்தால் அது தெருநாயின் செயலாதல் கூடும். கூட்டின் அடியில் வளை இருந்து, அதன் வாயில் இறகு ஒட்டியிருந்தால் குற்றவாளி பெருச்சாளி. பாம்போ தடயமே வைப்பதில்லை. மதில்மேல் வெளிப்படையாக அமர்ந்திருப்பது பூனை ஒன்றே. மற்றவை கண்ணில் படுவதில்லை. கண்ணிற்பட்டதே கள்வன் ஆகிவிடுகின்றது!

பூனை என்பதிலும் இருவகை உண்டு. ஆற்றோரத்து நாணற் புதர்களிலும் கரும்புக் கொல்லைகளிலும் திரியும் காட்டுப்பூனை, வீட்டுப்பூனையின் வேறான ஓர் இனம். கால் நீண்டும் வால் குறுகியும் இருக்கும். அது வளர்ந்த கோழியையும் கொண்டு செல்ல வல்லது. அதனைக் கொல்வதை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. பழந்தமிழர் கோழியின் பகையாகக் கண்டது வெருகினை. வெருகு என்பது காட்டுப்பூனைக்கு வழங்கும் சொல். வெருகைப் பூசை என்று வழங்குவதும் தகும் என்று தொல்காப்பியம் கூறுகின்றது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139 ஆம் பாட்டு இவ்வகையில் கருதத்தக்கது. மாலைப்பொழுதில் வேலியோரமாக வெருகு வருகின்றது. எங்கே நுழைவது என்று தெரியாமல் ஒன்றாய் ஒடுங்கும் குஞ்சுகளை வீட்டுப் பேடைக்கோழி கதறி அழைக்கின்றது. காதலைப் பற்றிய பாட்டில் உவமையாக வந்த காட்சியே இது. ஆயினும் அதில் உள்ள செய்திகள் மூன்றும் இன்றும் மாறவில்லை: பகை வருவது வேலிப்புறத்திலிருந்து, அஞ்சி நடுங்குபவை குஞ்சுகள், பொழுது மாலை.

மாலை என்று அப்புலவர் கூறியது கருத்தின்றி அன்று. பூனை அந்தியிலும் விடியலிலும் மிகுதியாக வேட்டையாடும். அதன் விழியின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான படலம் ஒன்று உண்டு. இருளில் பூனைக்கண் ஒளிர்வது இதனால்தான். மனிதனுக்கு வேண்டும் ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருந்தாலும் அது காணும். கோழியோ பகற்பறவை. வண்ணங்களை மனிதனைவிட நுட்பமாகப் பிரித்தறியும் அதன் கண், மங்கிய ஒளியில் பயனற்றுப்போகின்றது. நண்பகலில் பூனையைத் துரத்தும் அதே தாய்க்கோழி, இருட்டியபின் கூரையடியில் அசையாமல் அமர்ந்துவிடுகின்றது. யானையை வென்றதாகக் கூறப்படும் வீரமும் கண் தெரிந்தால்தான் பயன்படும்.

எல்லாப் பூனையும் பிறவியிலேயே கொலை கற்றுக்கொண்டு வருவதும் இல்லை. சிங் யாங் குவோ என்னும் சீன அறிஞர் 1930 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கும். எலியைக் கொல்லும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலிகொல்லிகள் ஆயின. தனித்து வளர்ந்த 20 குட்டிகளில் 9 மட்டுமே கொன்றன. எலியோடு ஒரே கூட்டில் வளர்ந்த 18 குட்டிகளில் கொல்லத் துணிந்தவை மூன்றே. கோழிகளின் நடுவே வளர்ந்து, சிறுவயதில் ஒருமுறை தாய்க்கோழியிடம் கொத்துப்பட்ட வீட்டுப்பூனை, குஞ்சுகளுக்கு அருகே அமைதியாகப் படுத்திருப்பதும் இத்தகையதே. அயல்வீட்டுப் பூனைக்கும் உடையவர் இல்லாத தெருப்பூனைக்கும் இப்பயிற்சி இல்லை. அவற்றை நம்புதல் கூடாது.

பூனையை ஒழித்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர், அது மனிதனிடம் வந்த காரணத்தை மறந்துவிடுகின்றனர். சைப்பிரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை அறிஞர் கண்டனர். பயிர்த்தொழில் தோன்றித் தானியம் குவிந்தது. தானியத்திற்கு எலி வந்தது. எலிக்காகப் பூனை வந்தது. கோழி வந்ததும் இவ்வழியே எனலாம். தாய்லாந்து நாட்டின் நெல்விளையும் பகுதியில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி மனிதனை நெருங்கியது என்று 2022 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. நெற்களமே இவ்விரண்டையும் வீட்டுக்கு அழைத்து வந்தது.

அந்தப் பூனை நஞ்சுண்டு மடிந்த வீட்டில் எலியும் பெருச்சாளியும் பெருகும். அவை முட்டையை உருட்டிச் செல்லும், குருணையைத் தின்னும், குஞ்சையும் வளைக்குள் இழுக்கும், அவற்றின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் பரவும். பூனை இருக்கும் ஊரில் வயலெலி குறைவதால் வண்டுத்தேனீயின் கூடுகள் பிழைக்கின்றன என்றும், அதனால் சில செடிகள் செழிக்கின்றன என்றும் டார்வின் 1859 ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஓர் உயிரை எடுத்தால் எங்கே சென்று தாக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது எளிதன்று. நஞ்சு கலந்த சோற்றைப் பூனைதான் உண்ணும் என்பதும் இல்லை. அக்கோழியே அதனைக் கொத்தக்கூடும்.

கோழியைக் காக்கும் வழி சிற்றூரார் நெடுங்காலமாக அறிந்ததே. மூங்கில் சிம்புகளால் கவிந்த வடிவில் பின்னிய பஞ்சாரம் அதற்கெனவே அமைந்தது. பொழுது சாயும் முன் குருணையைக் காட்டித் தாயையும் குஞ்சுகளையும் அழைத்துப் பஞ்சாரத்தால் மூடி, மேலே ஒரு கல்லை வைத்தல் வேண்டும். கல் இல்லாவிடில் நாய் அதனைப் புரட்டிவிடும். நிலையான கூடு கட்டுவோர் தரையைச் சாந்திட்டுக் கெட்டியாக்குவதும், அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலை அடிப்பதும் நன்று. கோழிக்கம்பி எனக் கடையில் விற்கும் அகன்ற கண்ணுடைய வலையில் பூனையின் கை எளிதில் நுழையும். விடிந்தவுடன் திறந்துவிடாமல், வெயில் ஏறியபின் திறப்பது குஞ்சுகளுக்கு ஏற்றது. அதற்குள் மதில்மேல் இருந்த பூனை வைக்கோற்போருக்குப் போய்விட்டிருக்கும்.