கடலுக்குப் போறீங்களா? மாசத்தைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்க!

தீபாவளி முடிந்த மறுநாள் சிவகாசியில் ஓர் அமைதி இறங்கும். மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடிய பட்டாசு ஆலைகள் சில வாரங்களுக்குக் கதவைச் சாத்திவிடும். லாரி ஆபீஸ் வாசலில் கூட்டம் இருக்காது. அப்போதுதான் வீட்டில் அந்தப் பேச்சு கிளம்பும்.

"என்னங்க, பிள்ளைக கடலைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு! இந்த வாரமாவது கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

நியாயமான ஆசைதான். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது கடற்கரை எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நமக்கு மிஞ்சியது கரிசல் காடும் கண்மாயும்தான். ஆகவே கடல் என்றால் நமக்குத் தனி ஆசை.

சரி, எந்தக் கடல்? இங்கேதான் வீட்டுக்குள் தேர்தல் நடக்கும். "சஷ்டி நேரம், திருச்செந்தூர் போய் முங்கிட்டு வருவோம்" என்பார் பாட்டி. தாத்தாவுக்கு ராமேஸ்வரம். காலேஜில் படிக்கும் மகனுக்குக் கன்னியாகுமரி. "சுமார் நூறு கிலோமீட்டர்தானே, தூத்துக்குடி போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிரலாம்" என்பது உங்கள் கணக்கு. கோயில், தூரம், செலவு, லாட்ஜ் எல்லாம் பேசுவீர்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்: "இந்த மாசம் அந்தக் கடல் எப்படி இருக்கும்?"

முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கண்மாயில் பழகியது கடலுக்குப் போதாது

"எங்க பையன் கிணத்துல தலைகீழா குதிப்பான் டாக்டர், அவனுக்கென்ன பயம்?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். ஊருணியில் ஆழம் எங்கே என்று உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். கடலில் தண்ணீரும் நகரும், காலடி மணலும் நகரும். நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று தலைக்கு மேல் இருக்கலாம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். முழங்கால் உயர அலைகூட ஒரு பெரிய ஆளைப் புரட்டிப் போடுவது அதனால்தான். நீச்சல் தெரிந்தவர்களும் கடலில் மூழ்குகிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

ஆண் கடல், பெண் கடல்

ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் தீவின் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும், வடக்கே இருக்கும் பாக் நீரிணையை 'பெண் கடல்' என்றும் சொல்வார்கள். பொதுவாகத் தெற்கே அலை அதிகம், வடக்கே ஆழமும் குறைவு, அலையும் குறைவு.

ஆனால் இந்தக் குணம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது ஆடிக் காற்று வீசும் காலத்தில், தெற்குக் கடல் சீறும். வடக்குக் கடல் குளம் போல் கிடக்கும். அக்டோபர் பின்பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கதை மாறும். வாடைக்காற்று வடக்குக் கடலைக் கலக்கிவிடும். தெற்குக் கரை ஓரளவு அடங்கும். ஒரே தீவு, சில கிலோமீட்டர் இடைவெளி, ஆனால் மாதத்துக்கு ஒரு குணம்!

இதில் நமக்கு என்ன பாடம்? நம் தீபாவளி லீவு வருவதும் புயல் சீசன் வருவதும் ஒரே சமயத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவானால், சிவகாசியில் வெயில் அடித்தாலும் கடல் பொங்கும். ஆகவே கிளம்பும் முன் ரேடியோவிலோ டி.வி.யிலோ செல்போனிலோ வானிலைச் செய்தியைக் கேளுங்கள். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று சொன்னால், கடலோடு பிறந்தவனுக்கே அன்று கடல் இல்லை என்று அர்த்தம். நமக்கு எதற்கு? கோயிலுக்குப் போங்கள், கடலைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

ஊர் ஊராகப் பார்ப்போம்

*திருச்செந்தூர்:* "திருச்செந்தூர் போயிட்டு முங்காம வர முடியுமா?" என்று பாட்டி கேட்பார். முங்கலாம், ஆனால் பார்த்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் பல அடி உள்வாங்குவதும், பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிவதும் அடிக்கடி நடக்கிறது. வேடிக்கை பார்க்கவும் போட்டோ எடுக்கவும் அந்தப் பாறைமேல் ஏறாதீர்கள். வழுக்கினால் வயதானவர்களுக்கு இடுப்பெலும்பே முறியும். சமீப ஆண்டுகளில் கோயில் முன்பு மணல் அரிப்பும் இருக்கிறது. படியிலிருந்து இறங்கினால் சமதளம் என்று நம்பிக் காலை வைக்காதீர்கள். மூத்தவர்களைக் கரையோரம் உட்காரவைத்து ஒரு வாளியில் கடல் நீரை மொண்டு தலையில் ஊற்றுங்கள். பிறகு நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர்க் குளியல். புண்ணியத்தில் ஒன்றும் குறையாது.

*ராமேஸ்வரம்:* அக்னி தீர்த்தம் அலை அடங்கிய கரை; முதல்முறை கடலில் இறங்குகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் காலுக்கடியில் கிழிந்த துணியும் சிப்பியும் கிடக்கும். கூட்டம் நெரியும் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தண்ணீர் கலங்கியிருக்கும். அன்று தண்ணீர் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனை பார்ப்பதற்கு மட்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இரண்டு கடலும் மோதும் முனையில் நீரோட்டம் கடுமை. கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம்.

*அரியமான்:* ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளி அருகே இருக்கிறது. பாக் நீரிணைக் கரை. சவுக்குத் தோப்பு நிழல், ஆழம் மெதுவாகக் கூடும் தரை. ஆடிக் காற்றுக் காலத்தில் குழந்தைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கேயும் வாடைக்காற்றைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

*தூத்துக்குடி:* மாலைக் காற்று வாங்கவும், பிள்ளைகள் மணலில் விளையாடவும் முத்துநகர் கடற்கரை போதும். குளிப்பதற்கு முன் ஒரு விஷயம். எந்தத் துறைமுக நகரமாக இருந்தாலும், வாய்க்கால் கடலில் சேரும் இடத்துக்கும் படகுகள் கட்டும் இடத்துக்கும் அருகே இறங்கக் கூடாது. மழை பெய்த ஒன்றிரண்டு நாட்களுக்கு ஊர் அழுக்கெல்லாம் கடலுக்குத்தான் வரும். வயிற்றுப்போக்கு, காது வலி, தோல் அரிப்புக்கு இதுதான் ஆரம்பம்.

*கன்னியாகுமரி:* முக்கடல் சங்கமத்தில் பாறைகள் அதிகம். அங்கே கால் நனைப்பதோடு சரி. பிறகு மேற்குப் பக்கம் இருக்கும் அழகான கரைகளைப் பிள்ளைகள் தேடிப் போவார்கள். இங்கேதான் ஒரு துயரத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில், கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். ஐந்து பேரும் டாக்டராக இருந்தவர்கள்! அந்த நாட்களில் புயல் எதுவும் அங்கே இல்லை. ஆனால் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, பெருங்கடலில் எங்கோ அடித்த காற்று எழுப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே மேகமும் காற்றும் இல்லாத நேரத்தில் கரை ஏறும். கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் அந்தப் பெயர். கோடை லீவு மாதங்களான ஏப்ரல், மே இதற்கு முக்கியமான காலம். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அந்தச் சொல் காதில் விழுந்தால் அன்று கரைக்குப் போகவே வேண்டாம்.

இறங்கும் முன் ஐந்து நிமிஷம்

கரைக்குப் போனதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள்.

அலைகள் வரிசையாக வெள்ளை நுரையோடு உடைகின்றனவா? நடுவில் ஓரிடத்தில் மட்டும் நுரை இல்லாமல், கலங்கலாகவோ கறுப்பாகவோ அமைதியாகத் தெரிகிறதா? "அங்கேதான் அலை இல்லை, அங்கே இறங்குவோம்" என்று தோன்றும். அதுதான் பொறி! அலைகள் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. வினாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல்கூட வேகம் அளக்கப்பட்டிருக்கிறது. எந்த நீச்சல்காரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது.

சிக்கிவிட்டால் என்ன செய்வது? எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப் போவதால்தான் பலர் மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த வாய்க்கால் அகலம் குறைந்தது. அதைத் தாண்டியதும் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

அடுத்தது, உள்ளூர் மீனவரிடமோ கடை வைத்திருக்கும் அம்மாவிடமோ கேளுங்கள்: "அண்ணாச்சி, இங்க குளிக்கலாமா?" அவர் தலையை ஆட்டி வேண்டாமென்றால் மறுபேச்சு வேண்டாம். சிவப்புக் கொடியோ தடைப் பலகையோ இருந்தால் கேட்கவே தேவையில்லை. ஆளே இல்லாத அழகான கரையைவிட, நாலு பேர் குளிக்கிற சாதாரணக் கரை மேல்.

யார் இறங்கக் கூடாது?

• தீபாவளியன்று மத்தாப்பிலோ புஸ்வாணத்திலோ சூடுபட்ட பிள்ளைகள். ஒரு வாரத்தில் கொப்புளம் ஆறியது போலத் தெரியும். உள்ளே தோல் இளசு. உப்பு நீரும் மணலும் பட்டால் புண்ணாகும். தோல் முழுதாக மூடும்வரை கடல் வேண்டாம். ஆலையில் கையில் காயம்பட்ட பெரியவர்களுக்கும் இதே சட்டம்.

• சர்க்கரை நோயாளிகள், கல்லீரல் கெட்டவர்கள் காலில் சிறு காயத்தோடுகூட இறங்க வேண்டாம். வெதுவெதுப்பான கடல் நீரில் வாழும் சில கிருமிகள் அந்தக் காயம் வழியே புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் மதிய மணலில் வெறுங்காலோடு நடந்தால், பாதம் வெந்ததுகூடத் தெரியாது. செருப்பு கட்டாயம்.

• வலிப்பு உள்ளவர்கள், காது ஜவ்வில் ஓட்டை உள்ளவர்கள், டாக்டர் தடுத்திருக்கும் இதய நோயாளிகள்.

• மது அருந்தியவர்கள், ஒரு சொட்டு என்றாலும். "லேசாத்தான் மாமா..." என்ற பேச்சுக்கே இடமில்லை.

குழந்தை தண்ணீரில் இருக்கும்வரை ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான இருந்தோம்" என்பார்கள். எல்லாரும் பார்த்தால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பேர் சொல்லி ஒருவரை நியமியுங்கள், அவர் கையிலிருந்து செல்போனை வாங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு நீலச் சட்டை வேண்டாம். ஆரஞ்சு, சிவப்பு தண்ணீரில் பளிச்சென்று தெரியும். பெண்கள் சேலையோடு ஆழத்துக்குப் போக வேண்டாம். நனைந்த சேலை காலைக் கட்டும். காலை பத்து மணிக்கு முன்போ, மாலை நாலு மணிக்குப் பிறகோ இறங்குங்கள். பொழுது சாய்ந்தால் ஏறிவிடுங்கள்.

முதலுதவி: கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்

யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் போன கதைகள் நிறைய. மிதக்கும் பொருளை வீசுங்கள். இறுக மூடிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்றில் கயிறு கட்டி வண்டியில் வைத்திருங்கள். விருதுநகர்க்காரர் வீட்டில் காலி எண்ணெய் கேனுக்குப் பஞ்சமா?

மூழ்கியவரைக் கரை சேர்த்ததும் தலைகீழாகத் தொங்கவிடுவது, சுழற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் தவறு. பொன்னான நிமிஷங்கள் வீணாகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை காற்றை ஊதுங்கள். பிறகு நடு மார்பில் 30 முறை வேகமாக, ஆழமாக அழுத்துங்கள். மறுபடி இரண்டு ஊதல். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். இன்னொருவர் 108-க்குப் பேசட்டும். பிழைத்து எழுந்தவருக்கு இருமல், மூச்சுத் திணறல் இருந்தால் "சரியாயிருச்சு" என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிதான்.

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள். கடல் நீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அந்த இடத்தை 20 நிமிஷமாவது வையுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே டாக்டர்.

அடுத்த முறை வீட்டில் கடல் பேச்சு எழும்போது, கோயிலையும் லாட்ஜையும் பேசுவதற்கு முன் காலண்டரை எடுங்கள். நம் ஊரில் அச்சாகும் காலண்டர்தானே! மாதத்தைப் பாருங்கள், அமாவாசையா, பௌர்ணமியா என்று பாருங்கள், வானிலையைக் கேளுங்கள். அப்புறம் சொல்லுங்கள், எந்தக் கரை என்று. "இந்த வாட்டி முங்க வேண்டாம், பார்த்துட்டு வருவோம்" என்று முடிவானாலும் மனசு சோராதீர்கள். கடல் எங்கேயும் போய்விடாது. போன பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாக வீடு திரும்பினால்தான் அது சுற்றுலா.