மஞ்சள் கடுதாசி கேட்டு வருவோர்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது நம் ஜனங்கள் இன்னமும் போர்ட் பிளேர் என்றே சொல்லும் ஊரில், நீ தனியாக வக்கீல் ஆபீஸ் வைத்துவிட்டாய் என்றும், ராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் கடல் கடந்துபோய்க் கடை வைத்த நம்மவர்களே கட்சிக்காரர்களாக வருகிறார்கள் என்றும், கடனில் முழுகினவர்கள் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்து ஐ.பி. போட்டுவிடலாமா சார்?’ என்று நொடிப்பு மனுவைப் பற்றிக் கேட்கையில் வாய் அடைத்துப்போகிறது என்றும் எழுதியிருக்கிறாய். என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி நொடிப்பு மனுக்களோடு கழிந்தபடியால், நீ கேட்காததையும் சேர்த்துச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

2016-ல் வந்த திவால் சட்டத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு அதையே கேட்டு வருவார்கள். அதன் மூன்றாம் பாகம் தனிமனிதர்களுக்காகவும் கூட்டு வியாபாரங்களுக்காகவும் எழுதப்பட்டதுதான். ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அது அமுலுக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் நின்றவர்களுக்கு மாத்திரமே. இப்போது ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறியிருக்கும் ஹேவ்லாக்கில் விடுதி நடத்தும் கம்பெனிக்காகக் கையெழுத்துப் போட்ட டைரக்டரின் விவகாரம் கொல்கத்தா கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாத, சொந்த வீடற்ற ஏழைக்கென்று அதே சட்டம் வகுத்த சலுகையோ காகிதத்திலேயே கிடக்கிறது. தயையைக்கூடப் பணக்காரருக்குத்தான் முதலில் அமுல்படுத்துவோம் போலும்! மளிகைக் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டமே கதி. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் முதற்பிரிவு ‘அட்டவணை மாவட்டங்களை’ விலக்கிவைக்கிறது. அந்தமான் நிக்கோபாரோ 1874-ஆம் வருஷத்து அட்டவணை மாவட்டச் சட்டத்தின் அட்டவணையில் ஏறின பிரதேசம். ஆதலால் எல்லைப் பிரிவையும் பிற்கால நீட்டிப்பு அறிவிப்புகளையும் கையில் வைத்துக்கொள்ளாமல் தீவில் மனு வரையாதே. கட்சிக்காரருக்கு ராமநாதபுரத்திலும் வியாபாரம் உண்டென்றால், வியாபாரம் நடக்குமிடத்துக் கோர்ட்டிலும் மனுச் செய்ய இடந்தரும் 11-ஆம் பிரிவு உனக்கு உதவும்.

‘ஜெயிலில் போடுவார்களா?’ என்ற கேள்வியை அநேகமாக எல்லோரும் கேட்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போன பிறகு, சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றது, கொடுக்க முடியாமற்போனதற்காக அல்ல, வஞ்சித்ததற்காக. கையில் வசதியில்லாதவனை வறுமையொன்றையே காரணமாகக் காட்டிச் சிறையில் வைக்கலாகாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தார். ஆனால் இந்த ஆறுதலைச் சொல்லும்போதே செக் கொடுத்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடு. திரும்பி வந்த செக்கின்பேரில் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி நடக்கும் 138-ஆம் பிரிவு வழக்கு கிரிமினல் வழக்கு, ஐ.பி. போட்டதனால் மட்டும் அது நின்றுவிடாது.

வசூல்காரர்களின் போன் உடனே நிற்குமா என்றும் கேட்பார்கள். மனுத் தாக்கல் செய்த மாத்திரத்தில் நிற்காது. நொடித்தவர் என்று கோர்ட் தீர்மானித்த பிறகே, அதன் அனுமதியின்றி யாரும் புது வழக்குப் போடமுடியாத நிலை வரும். அதுவரையில், காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வசூல் ஏஜெண்டுகள் அழைக்கலாகாது என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவை எழுதிக் கொடுத்தனுப்பு.

இனி உன் மேஜைக்கு வருவோம். வந்தவர் துணிப்பையைக் கவிழ்ப்பார். அடகுச் சீட்டு, புரோநோட்டு நகல், பாங்குப் புத்தகம், சீட்டுக் கம்பெனி ரசீது, மருந்துச் சீட்டுகூட விழும். அடகும் அடமானமும் ஒருபுறம் ஒதுக்கு. நகையைப் பிடித்துவைத்திருப்பவரையோ வீட்டின்மேல் கடன் கொடுத்த பாங்கையோ ஐ.பி. தொடாது. வீட்டுமனையை ‘என் சொந்த நிலம்’ என்றால், தீவில் நிலம் அரசாங்கத்தினுடையது, இவர் கையிலிருப்பது 1966-ஆம் வருஷத்து நில ஒழுங்குமுறை தந்த அனுபோக உரிமை என்பதை நினைத்துக்கொண்டு மூலப் பத்திரத்தைப் பார். உடுதுணி, சமையல் பாத்திரம், தொழிலாளியின் கருவி இவையெல்லாம் ஜப்திக்கு விலக்கு. தையல்காரரின் மெஷினை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்று சொன்னால் எதிரே இருப்பவர் அப்போதுதான் தண்ணீர் கேட்டுக் குடிப்பார்.

இதன்பிறகு வருவதுதான் கடினமான காரியம். நம்மவர்கள் நொடிக்கும்போது இரண்டு காரியங்களைப் பாசத்தினால் செய்துவிடுகிறார்கள்: மனையை மனைவி பேருக்கோ மகன் பேருக்கோ எழுதிவைப்பார்கள், மச்சினனிடம் வாங்கின கைமாற்றை முதலில் அடைத்துவிட்டு மற்றவர்களிடம் கைவிரிப்பார்கள். மனுவுக்கு முந்தின இரண்டு வருஷத்துக்குள் நேர்மையான கிரயமின்றி எழுதிக் கொடுத்ததைக் கோர்ட் ரத்துச் செய்யலாம். முந்தின மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததும் செல்லாது. இதை அதட்டிக் கேட்டால் உண்மை வராது. மனைவியையும் உடன் அழைத்துவரச் சொல்லி, தானாக வெளிவரும் வரையில் பொறுத்திருந்து, வந்ததை ஒளிக்காமல் மனுவின் ஜாபிதாவில் எழுது. ஒரு கைமாற்றை மறைத்ததனால் மற்ற நாற்பது கடன்களின் கணக்கும் சந்தேகத்துக்குள்ளாகி, கடனிலிருந்து விடுதலை கிடைக்காமற்போன மனுஷரை நான் பார்த்திருக்கிறேன்.

ஜாமீன் போட்ட நண்பரைப் பற்றி அநேகர் கேட்பதே இல்லை. கடனாளி விடுபட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை. நொடிப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த நண்பர் கோர்ட் சம்மனில் இதைத் தெரிந்துகொள்வதைவிடக் கட்சிக்காரரே நேரில் போய்ச் சொல்வது மரியாதை.

நொடித்தவர் என்று தீர்மானமானவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று திக்லிபூரிலோ ரங்கத்திலோ போய் ஒதுங்கிவிடுவார்கள். விடுதலைக்கு மனுச் செய்யவேண்டிய கெடுவைக் கோர்ட் அந்த உத்தரவிலேயே குறிக்கும். அதைத் தவறவிட்டால் தீர்மானமே ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். கெடு நாளை உன் டயரியில் அன்றே எழுதிக்கொண்டு, கட்சிக்காரரின் நம்பரோடு அவர் மனைவியின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்