விமானித் தேர்வும் வினா வங்கியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் புத்தகக் கடைகளில் ‘டென் இயர் சீரிஸ்’ வாங்காமல் பள்ளிப் படிப்பை முடித்த சிங்கப்பூர்ப் பிள்ளைகள் குறைவு. பழைய தேர்வுத்தாள்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள். அது முடிந்ததும் பெயரெடுத்த பள்ளிகளின் தாள்களைத் தேடிப் பிடிப்பார்கள். கார் ஓட்டக் கற்கப் போனாலும் அதே கதைதான். அடிப்படைத் தேர்வில் 50 கேள்விகள், 45 சரியாக இருந்தால் தேர்ச்சி. பயிற்சித் தாள்களை நாலு முறை போட்டால் வேலை முடிந்துவிடும். விமானியாக ஆசைப்படும் நம் பிள்ளைகள் இந்தப் பழக்கத்தோடுதான் அதற்கான எழுத்துத் தேர்வுக்கும் வந்து உட்காருகிறார்கள். பாதிப் பழக்கம் அவர்களுக்குக் கைகொடுக்கும். மீதிப் பாதி காலை வாரிவிடும்.

ஏடிபிஎல் என்பது பயணிகள் விமானத்துக்குத் தலைமை விமானியாவதற்கான உரிமம். இங்கே அதற்கான தேர்வை நடத்துவது சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். ஐரோப்பிய முறையில் 13 தாள்கள்; ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுக்க வேண்டும், 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், ஒரு தாளுக்கு நாலு வாய்ப்புதான். ஆஸ்திரேலியாவில் 7 பாடங்கள். இந்தியாவில் விமானத்துறை ஆணையமான டிஜிசிஏ கேட்பது 70 விழுக்காடு. எங்கே எழுதினாலும் பெரும்பாலும் பலவுள் தெரிவுக் கேள்விகள்தாம். அதனால் ஆயிரக்கணக்கான கேள்விகளைத் திரட்டிச் சந்தாவுக்குத் தருவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. செக் நாட்டு ஏவியேஷன் எக்ஸாமும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் கிரவுண்ட்ஸ்கூலும் உலகெங்கும் மாணவர்கள் அறிந்த பெயர்கள். கூடவே, அவற்றிலிருந்து அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டுகளும் கைமாறுகின்றன. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோப்பிக்கடையில் அப்படி ஒரு கட்டைப் புரட்டிப் பார்த்தேன். சரியான விடைகளெல்லாம் ஏற்கெனவே பேனாவால் வட்டமிடப்பட்டிருந்தன. பக்க ஓரத்தில் ‘நீளமான விடையே சரி’ என்று ஒரு குறிப்பு. அந்தக் கட்டை வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கேள்வியைக்கூடச் சொந்தமாக யோசிக்கும் வாய்ப்பு கிடைக்காது.

நம்பிக்கை: வினா வங்கியில் இருப்பதுதான் தேர்வில் வரும்.

இதில் பழைய உண்மை கொஞ்சம் உண்டு. ஐரோப்பாவில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான மத்திய வினா வங்கி ஒன்று இருக்கிறது. தேர்வெழுதி வெளியே வந்த மாணவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகளைக் கொண்டுதான் தனியார் வங்கிகள் ஆண்டுக்கணக்கில் தங்கள் தொகுப்பைத் திருத்தி வந்தன. ஆனால் நினைவு என்பது நம்பகமான சாட்சி இல்லை. தேர்வு முடிந்த களைப்பில் ஒரு பையன் சொல்லும் கேள்வியில் அலகு விடுபடும், எண் மாறும், ‘அல்லாதது எது’ என்பதில் ‘அல்லாதது’ காணாமல் போகும். விடை எது என்பதையும் பல சமயம் மாணவர்களே பேசி முடிவுசெய்கிறார்கள். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பும் சும்மா இருக்கவில்லை. 2018இல் பாடத்திட்டத்தைத் திருத்தி, மனப்பாடத்தால் சமாளிக்க முடியாத வகையில் ‘ஏரியா 100’ என்ற மதிப்பீட்டைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. பயிற்றுநர் முன் உட்கார்ந்து, ஒரு பயணச் சூழலை அலசி, முடிவெடுத்து, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு வட்டமிட்ட விடைத்தாள் கிடையாது.

இங்குள்ள மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேற்று நாட்டுக்காகத் தயாரான தொகுப்பில் வேற்று நாட்டுச் சட்டம்தான் இருக்கும். உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்றும் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அது 18,000 அடி, சிங்கப்பூரில் 11,000 அடி. அமெரிக்கத் தொகுப்பில் நூற்றுக்கு நூறு எடுத்தவர் இங்கே அதே விடையை எழுதினால் தவறு. ஆகாயச் சட்டத்துக்கு மட்டுமாவது சிங்கப்பூர் ஆணையத்தின் வெளியீடுகளை நேராகப் படியுங்கள்.

நம்பிக்கை: வினா வங்கி குறுக்கு வழி, நல்ல மாணவன் அதைத் தொடமாட்டான்.

பெரியவர்கள் சிலர் இப்படிச் சொல்லிப் பிள்ளைகளைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுகிறார்கள். இதுவும் தவறு. 2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறத்தாழ 56 விழுக்காடு நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. தன்னைத் தானே சோதித்துக்கொள்வது அளக்கும் வேலையோடு கற்பிக்கும் வேலையையும் செய்கிறது. பாடப்புத்தகத்தில் மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளையைவிட, கேள்வி போட்டுத் திணறும் பிள்ளையின் இரவு பயனுள்ளதாகக் கழிகிறது.

ஆனால் அந்தச் சோதனையில் மாணவர்கள் விடையைத் தாங்களாகவே எழுதினார்கள். நாலு விடைகளில் பழகிய முகத்தை அடையாளம் காணவில்லை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விடுவதால்தான் அடுத்த நம்பிக்கை பிறக்கிறது.

நம்பிக்கை: வங்கியில் 95 விழுக்காடு வருகிறது, நான் தயார்.

ஒரு கேள்வியை மூன்றாவது முறை பார்க்கும்போது மூளை கேள்வியைப் படிப்பதில்லை, அதன் தோற்றத்தைப் படிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்த்துவிடுவோம். நனைந்த ஓடுபாதையில் டயருக்கும் தரைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து, சக்கரம் தரையைத் தொடாமல் வழுக்கிப் போவதை ஹைட்ரோபிளேனிங் என்பார்கள். வங்கிகளில் அடிக்கடி வரும் கேள்வி: டயர் அழுத்தம் 196 பிஎஸ்ஐ என்றால் எந்த வேகத்தில் அது தொடங்கும்? விடை 126 நாட். பத்து முறை போட்ட மாணவனுக்கு ‘196’ என்று கண்ணில் பட்டதுமே கை 126க்குப் போய்விடும்.

இப்போது தேர்வில் அழுத்தம் 9 பார் என்று வருகிறது. அவன் தடுமாறுவான். 1963இல் நாசா ஆய்வாளர்கள் வெளியிட்ட சூத்திரத்தைப் புரிந்து படித்தவளுக்குத் தடுமாற்றம் இருக்காது. சுழலும் சக்கரத்துக்கு, பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்க வேண்டும். 196இன் வர்க்கமூலம் 14, ஆகவே 126. அழுத்தம் பாரில் இருந்தால் பெருக்கும் எண் 34. 9இன் வர்க்கமூலம் 3, ஆகவே 102 நாட். அதற்கு மேல் அவளுக்கு ஒன்று சொல்லாமலே விளங்கும்: டயரில் காற்று குறைந்தால் வழுக்கல் இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயம் இல்லை. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே விடிகாலையில் சுமத்ரா சூறை வந்து மோதும் சாங்கியில் இறங்குபவருக்கு அது அன்றாடக் கணக்கு.

ஆகவே விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படியுங்கள். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகு கையை எடுங்கள். சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் சொல்ல முடிகிறதா பாருங்கள். தவறியவற்றுக்கு ஒரு நோட்டு வையுங்கள். பாடம் தெரியாமல் தவறினீர்களா, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் தவறினீர்களா, கணக்கில் பிசகினீர்களா என்று பக்கத்திலேயே குறியுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கடைசி இரண்டு வாரம் வரை திறக்காமல் வையுங்கள். அந்தப் பார்க்காத கேள்விகளில் வரும் மதிப்பெண்தான் உங்கள் உண்மையான மதிப்பெண்.

நம்பிக்கை: வங்கியில் உள்ள விடை இயற்கையின் சட்டம்.

வானிலையியல் தாளுக்கு இது பொருந்தவே பொருந்தாது. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் வெப்பமண்டலப் புயல் உருவாகாது, காரணம் பூமியின் சுழற்சியால் வரும் கொரியாலிஸ் விசை அங்கே மிகக் குறைவு என்று எல்லாத் தொகுப்புகளும் சொல்லும். பொது விதியாக அது சரி. தேர்வில் அதையே எழுதுங்கள். ஆனால் 2001 டிசம்பர் 26, 27 தேதிகளில் நம் வாசலிலேயே, ஏறத்தாழ 1.4 பாகை வட அகலாங்கில், ‘வாமெய்’ என்ற புயல் உருவாகி ஜோகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். வடகிழக்குப் பருவக்காற்றின் பலத்த குளிர்க் காற்றோட்டம் தென்சீனக் கடலின் குறுகலான பகுதி வழியே இறங்கி வந்தது. போர்னியோ அருகே வழக்கமாகத் தோன்றும் காற்றுச் சுழலும் அங்கே வந்து சேர்ந்தது. பூமியின் சுழற்சி தராத சுழிப்பை இந்த இரண்டும் சேர்ந்து கொடுத்தன என்று வானிலை அறிஞர்கள் விளக்கினார்கள். கொரியாலிஸ் விசை எதற்குத் தேவை என்று புரிந்தவருக்கு வாமெய் வியப்பைத் தரும், குழப்பத்தைத் தராது. விடையை மட்டும் உருப்போட்டவர் வானிலை அறிக்கையையே சந்தேகிப்பார்.

நம்பிக்கை: தாளைத் தாண்டினால் போதும், மீதியைச் சிமுலேட்டர் சொல்லிக் கொடுக்கும்.

2010 நவம்பர் 4 காலை சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32 விமானத்தின் கதையைப் பாருங்கள். ஏர்பஸ் ஏ380, 469 பேர். கிளம்பிச் சில நிமிடங்களில், பாத்தாம் தீவுக்கு மேலே, இரண்டாம் எஞ்சின் வெடித்துச் சிதறியது. சிதறல்கள் இறக்கையைத் துளைத்து மின்கம்பிகளை அறுத்தன. திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவற்றைத் தீர்க்கவே விமானிகளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிடித்தது. இத்தனை கோளாறும் ஒன்றாக வரும் பயிற்சியை எந்தச் சிமுலேட்டரும் அவர்களுக்குத் தந்திருக்கவில்லை.

பிறகுதான் கணக்கு வந்தது. தரையிறங்க அனுமதித்த எடையைவிட அதிக எடை, குறைந்துபோன பிரேக். இந்த நிலையில் சாங்கியின் 4,000 மீட்டர் ஓடுபாதை போதுமா? கணினியில் விவரங்களைப் போட்டார்கள். விடை வரவில்லை. அங்கேதான் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பாடம் வேலை செய்தது. உள்ளிட்ட ஒவ்வொன்றும் விடையை எப்படி மாற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓடுபாதை காய்ந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, ஈரத்துக்கான உள்ளீடுகளை நீக்கிவிட்டு மறுபடி போட்டார்கள். 100 மீட்டர் மிஞ்சும் என்று வந்தது. இறங்கினார்கள். ஓடுபாதை முடிய ஏறத்தாழ 150 மீட்டர் இருக்கும்போது விமானம் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியோடு சேர்த்து அன்று விமானி அறையில் இருந்தவர்கள் ஐவர். ஐவருக்கும் நீண்ட அனுபவம் உண்டு. ஆனால் அந்த அனுபவத்துக்கு அடியில் இருந்தது, மாணவப் பருவத்தில் எழுதிய அதே தாள்தான்.

நம்பிக்கை: தேர்வில் வந்த கேள்விகளைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது உதவிதானே?

நம்மவர்களிடம் இது நல்லெண்ணத்தில் நடக்கிறது. தேர்வு முடிந்த மாலையே வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் ஏறிவிடுகின்றன. அமெரிக்க விதி 61.37 இதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. தேர்வுக் கேள்விகளை நகலெடுத்தாலோ பிறருக்குக் கொடுத்தாலோ ஓராண்டுக்கு எந்த உரிமத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது; கையில் உள்ள உரிமமும் போகலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு, தேர்வின் மேலுள்ள நம்பிக்கை போவது. அது போனால் நேர்மையாகப் படித்தவர்களும் சேர்ந்தே அடிபடுவார்கள். 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத்துறை அமைச்சர், நாட்டின் 860 விமானிகளில் 262 பேர் தாங்களே தேர்வெழுதவில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பின்னர் நடந்த சரிபார்ப்பில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அதற்குள் ஐரோப்பா கதவை மூடிவிட்டது. பாகிஸ்தானின் தேசிய விமான நிறுவனமான பிஐஏவின் விமானங்களுக்கு 2020 ஜூலையில் விதித்த தடை 2024 நவம்பரில்தான் நீங்கியது. ஒழுங்காகத் தேர்வெழுதிய விமானிகளின் உரிமங்களும் அந்த ஆண்டுகளில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டன.

தேர்வு முடித்து வரும் அண்ணன், அக்காமார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்து எழுதப்போகிற பிள்ளைக்குக் கேள்விகளை அனுப்பாதீர்கள். தேக்காவிலோ செலேத்தார் பக்கமோ ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். உங்கள் தவறு நோட்டைக் காட்டுங்கள், எந்தப் பாடத்தில் தடுமாறினீர்கள், எப்படிக் கரையேறினீர்கள் என்று சொல்லுங்கள், அந்தச் சூத்திரத்தை அவர் வாயால் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோரும் இந்த வாரம் ஒன்று செய்யலாம். மதிப்பெண் எத்தனை என்று கேட்பதோடு, அந்த விடை ஏன் சரி என்றும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.