நீரின் வரவை அறிதல்

மாணவர்களே! நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல் நமக்கு நெடுந்தொலைவு. ஆயினும், நம்முள் பலருடைய தாத்தா பாட்டியர் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களில் வாழ்கின்றனர். ஆகவே, கடலோர வெள்ளம் பற்றி நாமும் அறிதல் வேண்டும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னையில் பெருமழை கொட்டியது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அந்நீரும் வழியெங்கும் பெய்த மழைநீரும் அடையாற்றில் சேர்ந்தன. கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கனமழை பெய்யும் என்னும் அறிவிப்பு முன்னரே வந்திருந்தது. எனினும், எத்தெருவில் எவ்வளவு நீர் ஏறும் என்பதை மக்கள் அறிந்திருக்கவில்லை.

அதனை அறிய மழையின் அளவு மட்டும் போதாது. ஏரி, ஆறுகளின் நீர்மட்டம், நிலத்தின் மேடுபள்ளம், கடலின் ஓதம் ஆகியவையும் வேண்டும். உயர் ஓதத்தின்போது கடல்மட்டம் ஏறுகிறது. புயல் வீசினால் அது மேலும் உயரும். அப்போது ஆற்றுநீர் கடலில் எளிதில் வடியாது. முகத்துவாரத்தில் தேங்கி, ஊருக்குள் பரவும்.

இத்தரவுகள் அனைத்தையும் இணைத்துக் கணக்கிடும் கடலோர வெள்ள எச்சரிக்கை அமைப்பு ஒன்று, 2015 வெள்ளத்திற்குப் பின் சென்னைக்கென உருவாக்கப்பட்டது. 'சிஃப்ளோஸ்' எனப்படும் அதனைச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இயக்குகிறது. எப்பகுதியில் எவ்வளவு ஆழம் நீர் நிற்கக்கூடும் என்பதை அது வரைபடமாகக் காட்டுகிறது.

தரவு வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தாது. நமக்குச் சில மணி நேரத்தை ஈட்டித் தரும். தரைத்தளத்தில் வாழும் பாட்டி மாடிக்கு ஏற அந்நேரம் போதும். ஆனால், எச்சரிக்கை அவரைச் சென்றடைய வேண்டும்; அவரும் அதனை நம்பிப் புறப்பட வேண்டும்.

சொல்லும் பொருளும்
தரவு – அளந்து திரட்டிய செய்தி
ஓதம் – கடல்நீர் ஏறி இறங்குதல்
முகத்துவாரம் – ஆறு கடலில் கலக்கும் இடம்

பயிற்சி
1. மழையளவை மட்டும் கொண்டு வெள்ளத்தைக் கணிக்க இயலாது. ஏன்?
2. உயர் ஓதத்தின்போது ஆற்றுநீருக்கு நேர்வது யாது?
3. கடலோர ஊரில் வாழும் உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசுக. எந்த ஆண்டில், வீட்டின் எவ்வுயரம் வரை வெள்ளம் வந்தது எனக் கேட்டு, ஐந்து வரிகளில் எழுதுக. அவர் கூறும் உயரமும் ஒரு தரவே!