ஏரி காத்த தெய்வமும் ஏரி காக்கும் கடமையும்

(இளம் அறிவியல் – புவியியல், இரண்டாம் ஆண்டு)

தொண்டை நாடு ஏரிகளின் நாடு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத இப்பகுதியில் மழைநீரைத் தேக்கி வைத்தே நம் முன்னோர் பயிர் செய்து வாழ்ந்தனர். ஏரிக்கரையில் கோயிலும் கோயிலருகே குளமும் அமைந்தது தற்செயல் அன்று. இவ்வுண்மையை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நமக்கு அருகிலுள்ள திருநின்றவூரே போதும்.

ஊரும் கோயில்களும்

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில், ஆவடிக்கு மேற்கே பட்டாபிராம், நெமிலிச்சேரி ஆகியவற்றைக் கடந்தால் திருநின்றவூர். பேச்சு வழக்கில் இது தின்னனூர். திருமகள் வந்து நின்ற ஊர் ஆதலால் இப்பெயர் பெற்றது என்பர். இங்குள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் பாடிய தலம். 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. தாயாரின் திருநாமம் ‘என்னைப் பெற்ற தாயார்’. தீர்த்தத்தின் பெயர் வருண புஷ்கரிணி. வருணன் நீருக்குரிய தெய்வம் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வூரின் சிவாலயமான இதயாலீசுவரர் கோயில் பூசலார் நாயனாரின் வரலாற்றோடு தொடர்புடையது. கோயில் கட்டப் பொருளில்லாத பூசலார் மனத்திலேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளைத் தள்ளி வைக்கச் சொல்லி, இறைவன் அந்த மனக்கோயிலில் எழுந்தருளினான் என்று பெரிய புராணம் கூறுகிறது. இதனைப் பாடிய சேக்கிழார் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர். பூசலார் தம் மனக்கோயிலுக்கு மதில் எழுப்பியதோடு, கிணறும் குளமும் தோண்டினார் என்றும் அவர் மறவாமல் பாடியுள்ளார். நினைவில் கட்டிய கோயிலும் நீரின்றி நிறைவு பெறவில்லை!

பெருமாள் கோயிலின் பின்புறம், ஏரிக்கரையில் உள்ளது ஏரி காத்த ராமர் கோயில். இதே பெயருடைய பெரிய கோயில் மதுராந்தகத்தில் உண்டு. 1790களில் அங்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், கடும் மழையிரவில் உடையும் நிலையிலிருந்த கரையில் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார் என்பது அவ்வூர்ச் செவிவழிச் செய்தி. கரை உடையவில்லை என்றும், தாயார் சந்நிதித் திருப்பணிக்கு அவர் உதவினார் என்றும் கூறுவர். கரையைக் காப்பது தெய்வத்திற்கும் ஏற்ற பணி என்று மக்கள் கருதியதையே இப்பெயர் உணர்த்துகிறது.

ஏரியின் அமைப்பு

சென்னைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடும். அதனைத் தேக்க நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை எழுப்பினர். மேட்டிலிருந்து நீர் கொண்டு வருவது வரத்துக் கால்வாய். வயலுக்கு நீர் விடுவது மதகு. மிகுந்த நீரை அடுத்த ஏரிக்கு வழியனுப்புவது கலங்கல். இவற்றுள் ஒன்று கெட்டாலும் ஏரி கெடும். தேங்கிய நீர் மண்ணில் ஊறிச் சுற்றிலுமுள்ள கிணறுகளுக்கும் கோயிற் குளங்களுக்கும் ஊற்றாகிறது. ஆகவே, ஏரி வற்றினால் குளமும் வற்றும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் பயிலும் முதல் ஆள் நான். ஏரிப் பாசனத்தில் உழுத என் பாட்டனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், மதகில் நீர் நிற்கும் உயரத்தைப் பார்த்தே இரண்டாம் போகத்திற்குத் தண்ணீர் காணுமா என்று சொல்லிவிடுவார். நான் நூலில் கற்பதை அவர் கரைமீது நடந்தே கற்றிருந்தார். அந்த அறிவு அவர் தலைமுறையோடு முடிந்துவிடலாகாது.

முன்னோர் காட்டிய வழி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஏரியைப் பேணுவதற்கென்றே ‘ஏரி வாரியம்’ அமைத்து, அதன் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை அவை தெரிவிக்கின்றன. பிற்காலத்திலும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் வாரிக் கரை கட்டும் குடிமராமத்து முறை இருந்தது.

நம் கடமை

2015இல் நம் புறநகர்ப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், புழல் ஏரிகள் வறண்டு, குடிநீருக்கு மக்கள் குடத்துடன் தெருவில் நின்றனர். நான்கே ஆண்டுகளில் இரு துன்பங்களும் வந்தன. நீர்வரத்துப் பாதையில் மனையும் ஏரியில் குப்பையும் கழிவுநீரும் சேர்ந்தால், மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் வருவது இயல்பே. மழையை மட்டும் பழித்துப் பயனில்லை.

திருநின்றவூருக்குச் செல்லும் அன்பர்கள் மூன்று சந்நிதிகளையும் வணங்கிய பின், ஏரிக்கரைக்கும் சென்று பார்க்க வேண்டும். மாணவர்களாகிய நாம் அவரவர் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, கலங்கல் நீர் எங்கே செல்கிறது என்று முதியோரைக் கேட்டு, வரைபடமாக எழுதி வைப்போம். எது கால்வாய் என்று அறிந்தால்தான் அதை அடைப்பவரைத் தடுக்க முடியும். ஏரியைக் காத்த ராமனை வணங்குவோர்க்கு ஏரியைக் காப்பதும் வழிபாடே ஆகும்.